மேலே பார்த்தவர்கள்

பாலத் திறப்பு விழாப் படத்தில் மேயர் கத்தரிக்கோலையும் பார்க்கவில்லை, கேமராவையும் பார்க்கவில்லை. அவரும், பின்னால் நின்ற வாத்தியக்காரர்களும், குதிரைப் போலீஸ்காரனும் அண்ணாந்து, படமெடுத்த எமில் ஹார்ட்விக்கின் தலைக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னய்யா இது?" என்றார் பத்திரிகை ஆசிரியர் கிராண்டால். "மேயர் பாலம் திறக்கிறாரா, காக்கா எண்ணுறாரா? சிகாகோவே சிரிக்கும்."

கேமராவின் கருப்புத் துணிக்குள்ளிருந்து எமில் பார்த்தபோது எல்லோரும் நேராகத்தான் பார்த்தார்கள். போன வாரக் குத்துச்சண்டைப் படத்திலும் இதே கதை. தொப்பித் தொழிற்சாலை எரிந்த பிறகு எடுத்த எல்லாப் படங்களிலும்.

அந்தத் தீதான் அவனைப் பெரிய ஆளாக்கியது. ஐந்தாம் மாடி ஜன்னல் விளிம்பில், புகைக்கு நடுவே, தையல்காரி ரோசினா. கீழே தீயணைப்புக்காரர்கள் அப்போதுதான் வலையை விரிக்கத் தொடங்கியிருந்தார்கள். அவள் முகம் தன் பக்கம் திரும்பட்டும் என்று எமில் கையைத் தூக்கி அசைத்தான். குதி என்கிறான் என்று நினைத்தாள் அவள். குதித்தாள். அவன் படமெடுத்தான்.

மறுநாள் முதல் பக்கம். அவன் கையை யாரும் கவனித்திருக்கவில்லை. "எங்கக்கா ஏங்க அவசரப்பட்டா?" என்று அவள் தங்கை அலுவலகத்துக்கே வந்து அழுதபோதும் அவன் தரையைத்தான் பார்த்தான்.

கிராண்டாலிடம் திட்டு வாங்கிய அன்று மதியம் இருட்டறைக்குள் சிவப்பு விளக்கின் கீழ் நின்றபோது, மருந்தின் புளித்த வாடையையும் குழாய் சொட்டும் ஓசையையும் மீறி, கருகிய கம்பளி நாற்றத்தோடு, காற்றில் பாவாடை படபடத்து அடித்துக்கொள்வது போன்ற சத்தம் அவன் உச்சந்தலைக்கு நேர் மேலே கேட்டது. அண்ணாந்து பார்க்கக் கழுத்து மறுத்தது.

வெளியே ஓடிவந்து, கூட வேலை பார்க்கும் டூலனின் கையைப் பிடித்தான். "தெருவுல வச்சு என்னை ஒரு படம் எடு. இப்பவே."

"உன் மூஞ்சிக்கு ஒரு தகடு வீணா?" என்று சிரித்த டூலன், அந்த மூஞ்சியைப் பார்த்ததும் அடங்கிப்போனான்.

இருட்டறையில் எமில் பக்கத்தில் நிற்க, படத்தை டூலனே கழுவினான். கண்ணாடித் தகட்டில் மெல்ல எழுந்தது தெரு. டிராம் கம்பி. எமில். அவன் தொப்பிக்கு மேல், ஒட்டினாற்போல், இரண்டு வெற்றுப் பாதங்கள். விரிந்த பாவாடை. குனிந்து அவனையே பார்க்கும் முகம்.

"யாருடா இவ?" என்றான் டூலன். "உனக்குத் தெரிஞ்சவளா?"

எமில் தகட்டிலிருந்து பார்வையைத் திருப்பினான்.

"தெரியாது."

தலைக்கு மேல் பாவாடையின் படபடப்பு நின்றது.

குழாய்கூடச் சொட்டவில்லை.

பிறகு, சுடச்சுட, இரண்டு பாதங்கள் அவன் தோள்களில் இறங்கி நின்றன.