ஒன்பதாம் எண் மனைக்காரர்

“ஏழுன்னுதான் சொன்னீங்க அக்கா. என் காது இன்னும் செத்துப் போகல.”

“ஒன்பதுன்னு சொன்னேன். போய்க் காதைக் கழுவிட்டு வா.”

“பதினெட்டாவது சந்து, ஏழாம் நம்பர். கையில ஊதுபத்தி, கண்ணை வேற மூடிக்கிட்டு, உங்க வீட்டு விலாசத்தை மூணு தடவை சொன்னீங்க. நான் பக்கத்துலதான நின்னேன்?”

யுவேயிங் விடுவதாக இல்லை. சுன்தாவ் வீட்டுக்கு அடுத்த ஒன்பதாம் எண் காலி மனையில் தன் வீட்டு மூன்று ஸ்கூட்டர்களையும் நிறுத்திக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தவள் அவள். அது பொதுத் தோட்டம் என்று முடிவான நாளிலிருந்தே சுன்தாவைக் குத்திக்கொண்டிருந்தாள். வட்டத் தலைவர் ஹோங் நடுவில் நின்று வழக்கம்போல இரண்டு பக்கமும் தலையாட்டினார்.

“மனைக்காரருக்கு நாற்பது வருஷமா படைக்கிறேன். நீ எனக்குச் சொல்லித் தரியா?” என்றாள் சுன்தாவ்.

அந்த நாற்பது வருஷம்தான் வினை. பண்டிகைக்கு முந்தின நாள் பிற்பகல், அடுக்களையின் பின்வாசல், குட்டை மேசை (மனைக்கு ஒருவராகக் குடியிருந்து காக்கும் ஆவி மனைக்காரர்; ஆள் குள்ளம், உயர மேசை எட்டாது), சோறு, ஒரு கோழிக்கால், பிறகு தன் பெயரும் விலாசமும். காலி மனையில் படைத்தபோதும் வாய் பழகிய தடத்தில் தானாக ஓடிவிட்டது. ‘ஏழு’ என்று சொன்னபோதே அவளுக்குத் தெரியும். இன்னொரு ஊதுபத்தி ஏற்றி, மன்னித்துக்கொள்ளுங்கள், ஒன்பது என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். யுவேயிங் பார்த்துக்கொண்டிருக்கும்போதா? அதற்குப் பத்தியையே விழுங்கிவிடலாம். பத்தி அடிவரை எரிந்து அணைந்தது.

இருபது வருடமாக அந்த மனை சந்தின் குப்பைத்தொட்டியாக இருந்தது. தண்ணீர் தேங்கிய டயர்கள், ஆளுயரக் களை, டெங்குக் கொசு, அபராதச் சீட்டோடு வரும் சுகாதார ஆட்கள். இந்த வருடம் தைனான் நகரம் முழுக்கக் கொசுவுக்குப் பயந்து கிடந்தபோதுதான் பெஞ்சு போட்டுப் பப்பாளி நடலாம், நிலாத் திருவிழாவுக்கு எல்லோரும் அங்கேயே கறி சுடலாம் என்று ஹோங்குக்குத் தோன்றியது. ஆனால் மண்ணைத் தொடுமுன் அங்கே குடியிருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? முன்பு அங்கே லியாவ் வீடு இருந்தது. நான்கு பெண்கள், ஒருத்தியும் கல்யாணமாகி அந்த வாசலைத் தாண்டவில்லை. மூத்தவள் நிச்சயமான வாரம் படுத்தாள், எழுந்திருக்கவில்லை. அடுத்தவள் கல்யாணத்தன்று காலை அடுக்களையில் விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டாள். அதன்பின் பெண் கேட்டு யாரும் வரவில்லை. தன் ஆட்களை வெளியே விட அந்த வீட்டு மனைக்காரருக்கு மனசில்லை என்று சந்து பேசிக்கொண்டது. சந்து எதைத்தான் பேசாது?

சுன்தாவுக்கு ஒரே மகள், பெய்ரூ. முப்பத்தெட்டு வயது. சந்தே கைவிட்ட பிறகு கௌசியுங்கிலிருந்து ஒரு பள்ளி வாத்தியார் வந்து பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

காலி மனையில் படைத்த அன்று மாலையே அடுக்களையில் அந்த வாடை வந்துவிட்டது. முதலில் வடிகால் என்று நினைத்தாள். கொதிநீர் ஊற்றினாள், எலுமிச்சைத் தோல் போட்டாள். அப்படியும் மசித்த களையும் நனைந்த பழஞ்சுண்ணாம்பும் கலந்த, படையல் முடிந்து அடுத்த மனையைக் கொத்தியபோது எழுந்த அதே வாடை தரையை ஒட்டி, முழங்கால் உயரத்துக்கு மேல் ஏறாமல், கிடந்தது. குனிந்தால் மூக்கில் அடித்தது, நிமிர்ந்தால் இல்லை. அடுக்களைத் திரையின் மேல்பாதி அசையாமல் தொங்க, கீழ்ப்பாதி மட்டும் யாரோ ஒதுக்கிக்கொண்டு நுழைந்ததைப் போல மெல்ல உப்பி அடங்கியது.

மறுநாள் பெய்ரூவின் கல்யாணச் செருப்பு வாசலில் இல்லை. அடுக்களையில் இருந்தது, பின்வாசலுக்கு முதுகு காட்டி, வீட்டுக்குள் பார்த்தபடி.

“ஏன்டி இங்க கொண்டாந்து வச்ச?”

“நான் வைக்கலம்மா. நீதான் நேத்துலேருந்து பேய் புடிச்ச மாதிரி திரியற.”

வாசலில் கொண்டுபோய் வைத்தாள். சாயங்காலம் மறுபடி அடுக்களை. உள்ளே பார்த்தபடி. பெட்டியில் பூட்டினாள். காலையில் அடுக்களை. இரவில் ஓட்டுத்தரையில் வெறுங்கால் ஓசை, இரண்டு அடி. நின்றுவிடும். இவள் மூச்சு விட்டதும் இன்னும் இரண்டு.

யுவேயிங்கிடம் சொல்லலாமா என்று வாசல்வரை போனாள். “என்னக்கா, ஏழாம் நம்பர்ல சௌக்கியமா?” என்றாள் அவள், கறி சுடும் கம்பிவலையைத் தேய்த்தபடி. சுன்தாவ் திரும்பி வந்துவிட்டாள்.

எட்டாம் நாள் பிற்பகல் குட்டை மேசை போட்டாள். முழுக் கோழி வைத்தாள். குறி கேட்கப் போடும் இரண்டு பிறைக்கட்டைகளையும் கையில் ஏந்திக் கேட்டாள். என் தப்புதான், ஒன்பதாம் எண்ணுக்கே போய்விடுகிறீர்களா? ஒன்று குப்புற, ஒன்று மல்லாக்க விழுந்தால் சம்மதம். இரண்டும் மல்லாக்க விழுந்தன. சிரிக்கிறார் என்று அர்த்தம்.

மறுபடி போட்டாள். சிரிப்பு.

மூன்றாம் தடவையும் போட்டாள். சிரிப்பு.

ஏழாவது தடவை கட்டைகள் தரையில் விழும் சத்தமே கேட்கவில்லை. குனிந்து பார்த்தாள். அருகருகே, மல்லாக்க, யாரோ அடுக்கி வைத்ததுபோல.

கல்யாணக் காலை. சந்தில் பட்டாசுப் புகை, மாப்பிள்ளையின் கார், தோட்டத்துப் பெஞ்சுகளில் வேடிக்கை பார்க்கும் கூட்டம். புறப்படும் காருக்குப் பின்னால் ஊற்ற வேண்டிய தண்ணீர்க் கிண்ணத்தோடு சுன்தாவ் வாசலில் நின்றாள். ஊற்றிய தண்ணீர் திரும்பாது, பெண்ணும் திரும்பமாட்டாள். அதற்குத்தான் அவள் உயிரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பெய்ரூ வரவில்லை.

உள்ளே போனாள். மகள் கூடத்தின் நடுவில், வாசலைப் பார்த்து நின்றிருந்தாள். வெள்ளைக் கவுனின் நீண்ட பின்முனை தரையில் கிடக்கவில்லை. அடுக்களைத் திரைவரை விறைப்பாக, முழங்கால் உயரத்தில், காற்றில் நீண்டிருந்தது. கடைசியில் துணி கொத்தாகச் சுருங்கியிருந்தது, ஒரு சின்னப் பிடிக்குள் அடங்குகிற அளவுக்கு.

“அம்மா,” என்றாள் பெய்ரூ, திரும்பாமல், மெதுவாக. “விடச் சொல்லும்மா.”

சுன்தாவ் சொன்னாள். கெஞ்சினாள். கிண்ணத்துத் தண்ணீர் அவள் காலிலேயே கொட்டியது.

வாத்தியார் மதியம்வரை காத்திருந்தார். அடுத்த வருடம் பிங்துங்கில் ஒரு வங்கிக்காரியைக் கட்டிக்கொண்டார், இரட்டைக் குழந்தை என்று கேள்வி. ஹோங் தோட்டத்தைக் காட்டியே மறுபடி ஜெயித்தார். யுவேயிங் தைச்சுங்கில் மகன் வீட்டோடு போய்விட்டாள். போகிற அன்று ஏழாம் எண் வாசலைக் கடக்காமல், சந்தைச் சுற்றிக்கொண்டு போனாள். பப்பாளி நன்றாகக் காய்க்கிறது.

சுன்தாவ் காலையில் தோட்டத்துப் பெஞ்சுக்கு வந்தால் விளக்குப் போடும்வரை எழுந்திருப்பதில்லை. அங்கிருந்து பார்த்தால் அவள் வீட்டு அடுக்களை தெரியும். பெய்ரூ சமைத்துக்கொண்டிருப்பாள். காய் நறுக்குவது, முட்டை உடைப்பது, வாணலியைத் தூக்குவது எல்லாம் வலது கையால்தான். இடது கை உடம்பை விட்டுச் சற்று விலகித் தாழ்ந்தே இருக்கும், விரல்கள் எதையோ பற்றியபடி. அவள் அடுப்பிலிருந்து தொட்டிக்கு நகரும்போது, குள்ளமான யாருக்கோ எட்டட்டும் என்று, அந்தப் பக்கத் தோளைக் கொஞ்சம் சாய்த்துக்கொள்வாள்.