பின் இருக்கையின் பாரம்

க்ர்ர்ர்க்!

வளைவில் கார் திரும்பியதும் பின்பக்க இடது சக்கரத்திலிருந்து அந்தச் சத்தம் எழுந்தது. சுல்ஹெல்மி ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தான். டயர் தகரத்தில் உரசும் சத்தம். ஒரு நொடிதான். பிறகு கூரையில் மழை விழும் சத்தம் மட்டுமே கேட்டது.

உரசக் கூடாதே என்று நினைத்துக்கொண்டான்.

பின் இருக்கையில் அவனுடைய ஆறு வயது மகள் இர்தினா போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். டெங்கு. மலைமேல் கிளினிக்கில் இருந்த ஒரே ஆம்புலன்ஸ் மண்சரிவில் மாட்டியவர்களை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. "காத்திருக்காதீங்க, நீங்களே கீழ கொண்டு போயிடுங்க. புள்ளைக்கு ரத்தத்துல தட்டணு இறங்கிக்கிட்டே இருக்கு" என்று நர்ஸ் அவசரப்படுத்தினாள். அடிவாரத்து ஆஸ்பத்திரியில்தான் அவன் மனைவி நோர்லேலாவுக்கு வேலை. வாசலிலேயே நிற்கிறேன் என்று போன் செய்திருந்தாள்.

க்ர்ர்ர்க்.

மறுபடியும். இந்த முறை இரண்டு நொடி.

போன ஞாயிற்றுக்கிழமைதான் கார்ச் சக்கரங்களுக்குப் பழைய அகல ரிம்களை வாங்கி மாட்டினான். மலைமேல் ரிங்லெட் ஊரில் டயர் கடை வைத்திருக்கும் வேய் லூன் அவற்றை உருட்டிக்கொண்டு வரும்போதே கேலியை ஆரம்பித்துவிட்டான்.

"டேய் சுல், உன் வண்டிக்கு இது பெரிசுடா. தம்பி சட்டைக்குள்ள அண்ணன் பூந்த மாதிரி பிதுங்கிக்கிட்டு நிக்குது பாரு."

"அழகா இருக்கா இல்லையா? அத சொல்லு."

உரசுகிறதா என்று பார்க்கக் கடைப் பையன்கள் மூன்று பேரை ஒவ்வொருவராகப் பின்னால் உட்காரவைத்து மேடுபள்ளத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். இரண்டு பேர் இருந்தவரை சத்தமே இல்லை. மூன்றாவது ஆள் ஏறியதும் இடது டயர் மட்கார்டின் உள்விளிம்பைக் கடித்தது.

"விளிம்ப சூடு காட்டி மடிச்சிடுறேன்" என்றான் வேய் லூன்.

"பெயின்ட் வெடிச்சிடும். வேணாம்."

"அப்ப பின்னால மூணு தடியன்கள ஏத்தாத. அவ்வளவுதான்."

"எங்க வீட்டுல மொத்தமே மூணு பேருதான்டா!"

சிரித்துக்கொண்டிருந்த வேய் லூன் திடீரென்று குரலைத் தணித்தான். "ரிம்மு, இந்த மலை ரோட்டுல மூணு பசங்களோட பள்ளத்துல விழுந்த வண்டியோடது. பம்பளிமாஸ் இலை போட்ட தண்ணியில ஒரு தடவ கழுவிட்டு மாட்டுறேனே. தீட்டு கழிஞ்சிடும். எங்க ஆளுங்க வழக்கம்."

"சோப்பு போட்டுக் கழுவு. பளபளன்னு இருந்தா போதும்."

இப்போது பின்னால் இருப்பது இர்தினா மட்டும். நனைந்த கோழிக்குஞ்சு போல எடையே இல்லாத பிள்ளை.

மாலை ஐந்து மணிக்கே பனி இறங்கி சாலையை விழுங்கியிருந்தது. முகப்பு விளக்கின் வெளிச்சம் வெள்ளைச் சுவரில் மோதித் திரும்பியது. மூங்கில் புதர்கள் கண்ணாடியைத் தடவிக்கொண்டு பின்னால் போயின. ஈர மண் வாசனையோடு, கருகும் ரப்பரின் நெடியும் மெல்ல மெல்லக் காருக்குள் ஏறியது. உரசல் இப்போது வளைவுகளில் மட்டும் இல்லை. நேர்ச்சாலையிலும் விடாமல் அறுத்துக்கொண்டே வந்தது. ஸ்டியரிங் லேசாகிவிட்டது. காரின் மூக்கு மேலே தூக்கி நின்றது.

பின்பக்கம் தாழ்ந்திருக்கிறது.

"அப்பா..." என்று முனகினாள் இர்தினா.

"என்னம்மா செல்லம்? இதோ வந்துட்டோம்."

"கால நீட்ட முடியல."

"நீட்டிக்கோம்மா. அவ்வளவு எடமிருக்கே."

"இல்லப்பா. அண்ணனுங்க தள்ள மாட்டேங்கிறாங்க. எல்லாரும் நனைஞ்சிருக்காங்க."

காய்ச்சல். காய்ச்சலில் பிள்ளைகள் உளறும். அவன் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டான். கண்ணாடியில் பார்த்தான். போர்வை தெரிந்தது. சுற்றிலும் இருட்டு.

டயர் இப்படியே தேய்ந்தால் வெடித்துவிடும். இந்த இறக்கத்தில் வெடித்தால் நேராகப் பள்ளம்தான்.

ஓரமாக நிறுத்தி இறங்கினான். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை, ஜாக்கியை, கருவிப்பெட்டியை எல்லாம் வெளியே எறிந்தான். கார் ஓர் இம்மிகூட எழவில்லை. சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல் நுழையவில்லை. பின்கதவை இழுத்தான். பிள்ளையைத் தூக்கி முன்னால் போட்டுக்கொள்ள வேண்டும். கதவு அரை அங்குலம் வந்தது. உள்ளிருந்து யாரோ இழுத்தது போல மூடிக்கொண்டது. மறுபக்கம் ஓடினான். அங்கேயும் அப்படித்தான்.

ஓட்டுநர் இருக்கையில் விழுந்து, இரண்டு இருக்கைகளுக்கு நடுவே கையைப் பின்னால் நீட்டினான். அனலாகக் கொதிக்கும் சின்ன நெற்றி. அல்லாவே! உயிரோடுதான் இருக்கிறாள். கையை எடுக்கும்போது வேறொன்று பட்டது.

ஜில்லென்று. ஈரத்துணி. உள்ளே எலும்பு. ஒரு முழங்கால்.

முன்பக்கம் திரும்பி ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டான். தெரிந்த துஆ, வேண்டுதல் எல்லாம் பாதியில் அறுந்தன. எஞ்சியது கெஞ்சல் மட்டும்.

"இறங்கிடுங்க... ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். ரிம்ம கழட்டி இதே எடத்துல போட்டுடுறேன். எம் புள்ள பொழைக்கணும். இறங்கிடுங்க. எல்லாரும் இறங்கிடுங்க!"

மழை நின்றது.

பின்பக்க ஸ்பிரிங் முனகியது. கார் ஒரு முறை எழுந்தது. நின்றது. மறுபடி எழுந்தது. இன்னொரு முறை.

அவன் மூச்சை விட்டான்.

பிறகு, சின்னதாக இன்னும் ஒரு அசைவு. இலை ஒன்று கிளையிலிருந்து உதிர்ந்தது போல.

கண்ணாடியில் போர்வை மேடிட்டு இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் மறுபடி ஏறிவிடுவார்களோ?

"இர்தினா?"

தூங்குகிறாள். தூங்கட்டும்.

ஓட்டினான். உரசவில்லை. எந்த வளைவிலும் உரசவில்லை. சாலைக் குழியில் இறங்கி ஏறியபோதும் உரசவில்லை. கார் பஞ்சு போலப் பறந்தது. அழுதுகொண்டே சிரித்தான். பனி விலகியது. கடைகளின் விளக்குகள். ஆஸ்பத்திரி வாசல். தள்ளுபடுக்கை. அதன் பக்கத்தில் நோர்லேலா.

கார் நிற்கும் முன்பே ஓடி வந்து பின்கதவைத் திறந்தாள். கதவு சுலபமாகத் திறந்துகொண்டது. போர்வையை விலக்கினாள்.

அவள் கை அப்படியே நின்றது. இருக்கை முழுக்கச் செம்மண் சேறு. சொட்டச் சொட்ட ஈரம். அருகருகே மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்து எழுந்த குழிகள்.

அவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"ஏங்க... புள்ளைய எங்க இறக்கி விட்டீங்க?"