முன்வரிசைக் காற்று

மாலை மணி அடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது, செவ்வாயின் ஏழாம் கூடாரத்தில் எல்லோரும் குதிக்க ஆரம்பிப்பார்கள். கிழடு கட்டைகள்கூட மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கக் குதிக்கும். கழுத்தில் தொங்கும் காற்றுச்சிமிழில் மிச்சம் வைத்தால் போச்சு, மணி அடித்ததும் அது பொதுத்தொட்டிக்குப் போய்விடும். அதோடு விட்டதா? காற்று அட்டவணையிலுள்ள ‘முன்வரிசைச் சார்பு’ என்ற சூத்திரம் நேற்று, முந்தாநாள் வரிசைகளில் எவ்வளவு செலவானது என்று பார்த்து, இந்த ஆளுக்கு இவ்வளவு போதும் என்று நாளைய அளவையும் குறைத்துவிடும்.

தமயந்தி குதிக்கிற நிலையில் இல்லை. பிறந்து சில நாளேயான அவள் மகளுக்கு உதடு நீலம் பாரித்திருந்தது. பச்சைப்பிள்ளைக்கு ஏது முன்வரிசை? சூத்திரம் இன்னும் மேலே தேடிப் போய், அட்டவணையில் அதே இடத்தில் முன்பு இருந்து போன வாரம் செத்துப்போன பெரியவரின் கடைசி மூச்சுகளை எடுத்துக்கொண்டது. பிள்ளைக்கு அந்த அளவுதான் வந்தது. கொடுத்ததைப் பிள்ளை குடித்தது, அது போதும்போல என்று சூத்திரம் மறுநாளும் அதையே கொடுத்தது. தாயின் சிமிழோ, பாழாய்ப்போனது, பிள்ளையின் மூக்குக்குத் திறக்காது.

முறையிடப் போனபோது காற்று அலுவலகத்து இயந்திரக் கணக்கர் மரியாதையாகத்தான் பேசியது. சூத்திரத்தில் பிழையில்லையாம். இன்று மணி அடிக்கும்போது பொதுத்தொட்டியில் மிச்சம் சேர்ந்தால் அது பிள்ளைக்கு வருமாம். தொட்டியில் மிச்சம் சேர்ந்து பல வருடம் ஆகிறது.

தமயந்தி வீடு வீடாகப் போய், இன்று ஒருநாள் குதிக்காதீர்கள் என்று கெஞ்சினாள். எல்லோருக்கும் கண் கலங்கியது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் குணாளன் அவளைத் தேற்றினார்.

"கவலைப்படாத தங்கச்சி. ஒருத்தரும் குதிக்க மாட்டோம். நாங்கல்லாம் எதுக்கு இருக்கோம்?"

மாலையில் எந்த வீட்டிலும் குதிக்கிற சத்தம் கேட்கவில்லை. தமயந்திக்கு உயிர் வந்தது. பிள்ளையை அணைத்துக்கொண்டு அழுதாள்.

அப்போது வாசலில் ஒரே இரைச்சல். கதவைத் திறந்தால் கூடாரமே திரண்டு நின்று, பிள்ளைக்கு நியாயம் கேட்டுத் தொண்டை கிழியக் கோஷம் போட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கோஷத்துக்கும் சிமிழ்கள் வடிந்தன. அவள் ஓடிப்போய்க் குணாளனின் கையைப் பிடித்தாள்.

"அண்ணே, கத்தாதீங்கண்ணே. எல்லாரும் கொஞ்சம் சும்மா நின்னாப் போதும்."

"அதெப்படிம்மா சும்மா நிக்கிறது? நம்ம புள்ளம்மா இது" என்ற குணாளன் முன்னிலும் உரக்க முழங்கினார்.

மணி அடித்தது. தொட்டிக்கு ஒரு பொட்டுக் காற்றும் போகவில்லை. குணாளன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு தன் காலிச் சிமிழைத் தட்டிப் பார்த்தார். நாளைக்கு யாருக்கும் அளவு குறையாது என்று பக்கத்திலிருந்தவரிடம் திருப்தியாகச் சொன்னார். உள்ளே பிள்ளைக்கு அழவும் மூச்சில்லை.

"தைரியமா இரு தங்கச்சி" என்றார் கிளம்பும்போது. "நாளைக்கு இன்னும் நெறைய ஆளோட வர்றோம்."