தீப்பெட்டி ஆபீஸ் தெருவின் கிரீஸ்

மைக் கையில் இருந்தால் வள்ளிமயிலுக்குப் பசிக்காது, தூக்கம் வராது, வாயும் நிற்காது. ஆறாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைக்கு இவ்வளவு பேச்சு எங்கிருந்து வருகிறது என்று கோவில்பட்டியில் பலருக்குச் சந்தேகம். அவளுடைய அப்பா மணிராஜுக்கு மட்டும் சந்தேகமே இல்லை. அவர் மைக் செட் கடைக்காரர். வீடு முழுக்கக் குழாய் ஸ்பீக்கராக இருந்தால் பிள்ளை வேறு எப்படி வளரும்?

அதனால் கோடை விடுமுறையில் நான்கு தெருப் பிள்ளைகள் சேர்ந்து கால்பந்துப் போட்டி நடத்தியபோது, வர்ணனை செய்கிற வேலை போட்டியே இல்லாமல் அவளுக்கு வந்து சேர்ந்தது.

கோவில்பட்டி ஹாக்கி ஊர். அங்கே கால்பந்து ஆடினால், "மட்டையத் தொலைச்சிட்டியால?" என்று கேட்பார்கள். நடுவர் வன்னியபெருமாள் அண்ணாச்சியும் பழைய ஹாக்கிக்காரர்தான். மணியாச்சி ரயில்வே ஸ்டேஷனில் வேலை. அவர் விசில் ஊதினால், எதற்காக ஊதினார் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்கே தெரியும்.

ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு நாட்டின் பெயர் என்று முடிவானது. பிரேசில், அர்ஜென்டினா, போர்ச்சுகல் என்று மூன்று சீட்டு எழுதிவிட்டார்கள். நான்காவது என்ன என்று அடிதடி. அண்ணாச்சி உலக வரைபடத்தை விரித்து, கண்ணை மூடி, விரலை வைத்தார்.

விரல் கிரீஸில் விழுந்தது.

சீட்டுக் குலுக்கியபோது அந்தச் சீட்டு தீப்பெட்டி ஆபீஸ் தெருவுக்கு வந்தது. அந்த அணியின் கேப்டன் கிட்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பின்பக்கத்திலாவது வேறு நாடு இருக்காதா என்று பார்த்தான் போலிருக்கிறது.

"கிரீஸா? சைக்கிள் செயினுக்குப் போடுவாவளே, அதாலே?" என்று சிரித்தான் ஹரி. அவன் பஜார் தெருக் கேப்டன். அவன் அணிக்குப் போர்ச்சுகல் வந்திருந்தது. அப்பாவுக்குக் கடலைமிட்டாய்க் கடை. மகன் அணிக்கு அவர் புதுச் சட்டை எடுத்துக் கொடுத்தார். யாருக்கு எந்த எண் என்று கேட்டதற்கு எல்லாரும் ஏழு என்றார்கள். ஏழு பேர், ஏழு ஏழாம் நம்பர்.

அர்ஜென்டினாவில் எல்லாரும் பத்தாம் நம்பர். அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கிரீஸ் அணிக்குப் புதுச் சட்டை கிடையாது. பழைய சட்டையில் கரித்துண்டால் எண் எழுதிக்கொண்டு வந்தார்கள். போன வருடப் போட்டியில் மூன்று ஆட்டம் ஆடி ஒரு கோல்கூடப் போடாத அணி அது. அந்த அணியில் எல்லாரையும்விட உயரமானவள் ஒரு பெண். அவள் பெயர் பேபி. வீட்டு வாசல் நிலையில் தினமும் இரண்டு தடவையாவது தலை இடிக்கும். அவளை நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது என்று சொல்லிப் பின்னால் நிறுத்தியிருந்தார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் அரையிறுதி. அர்ஜென்டினாவுக்கும் கிரீஸுக்கும் ஆட்டம்.

"இதோ, மூன்று முறை உலகக் கோப்பையை வென்ற அர்ஜென்டினா!" என்றாள் வள்ளிமயில். மைதானம் கைதட்டியது. பத்தாம் நம்பர்கள் எல்லாரும் ஒரே மாதிரி கையை ஆட்டினார்கள்.

"அடுத்து... கிரீஸ்..."

அதற்கு மேல் என்ன சொல்வது? அவளுக்குக் கிரீஸைப் பற்றி ஒன்றும் தெரியாது. கிட்டு அவளையே பார்த்தான். பேபி கழுத்தை நீட்டி நின்றாள். கரி எண் போட்ட ஏழு பேரும், தங்களைப் பற்றியும் ஏதாவது வரும் என்று விறைப்பாகக் காத்திருந்தார்கள்.

வள்ளிமயிலால் அந்த முகங்களைப் பார்க்க முடியவில்லை. வாய் தானாகத் திறந்தது.

"ஏழு முறை உலகக் கோப்பையை வென்ற கிரீஸ்!"

கிட்டுவின் நெஞ்சு ஓர் அங்குலம் முன்னால் வந்தது. ஆனால் அது அங்கே அதிக நேரம் நிற்கவில்லை. ஓரமாக நின்ற ஹரி, அண்ணன் போனில் எதையோ தட்டிப் பார்த்துவிட்டுக் கத்தினான்.

"புளுகுதா! ஒரு தடவகூட செயிக்கல. புளுகு டீம்! புளுகு டீம்!"

மைதானமே சிரித்தது. மேய வந்த ஆடுகள்கூடத் திரும்பிப் பார்த்தன.

ஆட்டம் நடந்தது. பத்தாம் நம்பர்களில் ஒருவரும் இன்னொருவருக்குப் பந்தைக் கொடுக்கவில்லை. கோலைத் தானே போட வேண்டும் என்பது ஒவ்வொருவருக்கும் கொள்கை. கிரீஸுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. பந்தே கிடைக்கவில்லை. கடைசியில் பூஜ்யத்துக்குப் பூஜ்யம். அண்ணாச்சிக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. காசைச் சுண்டிப் போட்டார். கிட்டு கேட்ட தலை விழுந்தது. கிரீஸ் இறுதிப் போட்டிக்குப் போய்விட்டது.

அதற்கு முன்னால் நடந்த அரையிறுதியில் பிரேசிலைப் போர்ச்சுகல் வென்றிருந்தது.

சைக்கிளை உருட்டிக்கொண்டு போன கிட்டுவின் பின்னால் வள்ளிமயில் ஓடினாள்.

"ஏலே கிட்டு, நில்லுல. நாளைக்கு பைனல்லா!"

"நாங்க வரல."

"யாம்ல?"

"செயிச்சா காசு சுண்டிச் செயிச்சவங்கன்னு சொல்லுவாங்க. தோத்தா புளுகு டீம்னு சொல்லுவாங்க. வீட்ல கெடந்தா ஒண்ணும் சொல்ல மாட்டாங்கள்ல?"

"நான் உங்களுக்கு நல்லதுக்குத்தான..."

"ஒண்ணும் சொல்லாம இருந்திருக்கலாம்லட்டி" என்றான் கிட்டு. கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகச் சொன்னான்.

வள்ளிமயில் வீட்டுக்கு வந்தபோது மணிராஜ் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தார். செய்தி அதற்குள் வந்திருந்தது.

"ஏட்டி, ஏழு உலகக் கோப்பையாம்லா! இனி நம்ம கடை மைக்ல தண்ணி லாரி வருதுன்னு சொன்னாக்கூட ஒருத்தரும் கொடத்தத் தூக்க மாட்டாங்க" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

அவள் பதில் பேசவில்லை. மணிராஜ் பயந்துபோனார். அவள் பதில் பேசாதது அதுதான் முதல் தடவை.

வள்ளிமயில் அப்பாவின் போனை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். கிரீஸ் என்று தேடினாள். படித்தாள். கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தாள். பிறகு எழுந்து நின்றாள்.

"யப்பா! நெசமே நல்லாருக்குப்பா! நான் புளுகுனதவிட நல்லாருக்கு!"

"அப்ப நாளைக்கு கிரவுண்ட்ல சொல்லு."

"அவியதான் வரலன்னுட்டாவளே. நாளைக்கு நம்ம மைக் ஆட்டோவ அவிய தெரு வழியா விடுவீங்களா? மைக்ல புளுகுனேன். மைக்லதான மன்னிப்புக் கேக்கணும்?"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். குழாய் ஸ்பீக்கர் கட்டிய ஆட்டோ தீப்பெட்டி ஆபீஸ் தெருவுக்குள் மெதுவாக நுழைந்தது. சத்தம் கேட்டதும் வீட்டுக்கு வீடு குடத்தோடு வெளியே வந்தார்கள். மணிராஜுக்கு நிம்மதி. கடை மைக்கின் மரியாதை இன்னும் போகவில்லை.

"தீப்பெட்டி ஆபீஸ் தெருப் பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு! தண்ணி வரல. நான் நேத்து சொன்னது பொய். கிரீஸ் உலகக் கோப்பைய ஒரு தடவகூட செயிக்கல. கிட்டுகிட்டயும் பேபிகிட்டயும் டீம்ல எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேக்கேன். இன்னைக்குச் சொல்லுதது அம்புட்டும் நெசம்."

ஒரு ஜன்னலில் கிட்டுவின் பாதி முகம் தெரிந்தது.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்து நாலு உலகக் கோப்பையில கிரீஸ் மூணு மேட்ச் ஆடுச்சு. ஒரு கோல்கூட போடல! வாங்குனது பத்து!"

"அது போன வருசம் நம்ம டீம்லா?" என்றது ஒரு குடத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"பதினாறு வருசம் கழிச்சு மறுபடி உலகக் கோப்பைக்குப் போனாவ. சால்பிங்கிடிஸ்னு ஒருத்தர் நைஜீரியாவுக்கு எதிரா கோல் போட்டாரு. அதுதான் உலகக் கோப்பையில கிரீஸோட முதல் கோல்! அந்த மேட்சையும் செயிச்சாவ!"

ஜன்னலில் முழு முகம் வந்தது.

"கிரீஸுக்காக அதிக கோல் போட்டவர் அனஸ்தோபுலோஸ், இருவத்தொம்பது! அதிக மேட்ச் ஆடுனவர் கரகூனிஸ், நூத்து முப்பத்தொம்பது!"

"ஏட்டி, இவிய பேரெல்லாம் இம்புட்டு நீளமா இருக்கு?" என்று திண்டாடினார் ஓர் அம்மா.

"வன்னியபெருமாளவிடக் கம்மிதான் அத்தே!"

தெரு சிரித்தது. நேற்றைய சிரிப்பு இல்லை இது. கதவைத் திறந்துகொண்டு கிட்டு வெளியே வந்தான். கையில் கரித்துண்டு. அழிந்துபோன எண்ணைச் சட்டையில் மறுபடியும் எழுதிக்கொண்டிருந்தான்.

"போர்ச்சுகலப் பத்தி ஏதும் இருக்கா?" என்று கேட்டான்.

"இருக்கு. அத கிரவுண்ட்லதான் சொல்லுவேன். ஆட்டோவுல ஏறுல!"

சித்திரை வெயிலில் மைதானத்துக் கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பந்து நேராக உருண்டு போகும், வெடிப்பில் பட்டதும் தன் இஷ்டத்துக்குத் திரும்பிவிடும்.

"போர்ச்சுகலும் கிரீஸும் மோதிய பெரிய போட்டி எது தெரியுமா?" என்று வள்ளிமயில் மைக்கில் ஆரம்பித்தாள். "இரண்டாயிரத்து நான்கு, ஐரோப்பியக் கோப்பை. நடந்தது போர்ச்சுகல் நாட்டில். முதல் ஆட்டத்தில் கிரீஸ் வெற்றி. அப்புறம் இறுதிப் போட்டியிலும் அதே ரெண்டு அணிகள். அதிலும் கிரீஸ் வெற்றி! ஐரோப்பாவின் சாம்பியன்!"

"புளுகுதா!" என்று ஹரி பாய்ந்துபோய் அண்ணன் போனை எடுத்தான். தட்டினான். பார்த்தான். தலைகீழாகத் திருப்பியும் பார்த்தான். மற்ற ஆறு ஏழாம் நம்பர்களும் போனைச் சுற்றிக் குனிந்தார்கள்.

"என்னல, நெசமா பொய்யா?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"நெசந்தான் அண்ணாச்சி" என்றான் ஹரி. அதைக் கேட்க மைக் வேண்டியிருந்தது.

ஆட்டம் தொடங்கியது. ஹரி நல்ல ஆட்டக்காரன். காலால் பந்தை வைத்து வித்தை காட்டுவான். ஆனால் வித்தை இடப்பக்கம் போனது, வெடிப்பில் பட்ட பந்து வலப்பக்கம் போனது. போர்ச்சுகல் அணியில் ஒருவன் தப்புச் செய்தபோது அண்ணாச்சி விசில் ஊதி, "ஏலே, ஏழாம் நம்பர்!" என்றார். ஏழு பேரும் திரும்பினார்கள். யாரைக் கண்டிப்பது என்று தெரியாமல் ஏழு பேரையும் கண்டித்தார்.

ஆனாலும் கோல் விழவில்லை. பேபி பின்னால் மதில் மாதிரி நின்று எல்லாவற்றையும் தடுத்தாள். முன்னால் கிட்டு அடித்ததெல்லாம் வெடிப்பில் சிக்கியது. மறுபடியும் காசு சுண்டித்தானா என்று வள்ளிமயில் அண்ணாச்சியின் சட்டைப்பையைப் பார்த்தாள்.

கடைசி நேரம். கிரீஸுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. மூலையில் பந்தை வைத்துவிட்டு, எப்படி அடிப்பது என்று தெரியாமல் நின்றான் கிட்டு. தரையில் உருட்டினால் வெடிப்பு விழுங்கிவிடும்.

வள்ளிமயிலுக்குச் சட்டென்று நினைவு வந்தது. மைக்கை இறுகப் பிடித்தாள்.

"நேயர்களே! அந்த ஐரோப்பியக் கோப்பையின் காலிறுதி. பிரான்ஸுக்கு எதிராகக் கரிஸ்தேயஸ் கோல் போட்டார். எதால்? தலையால்! அரையிறுதி. செக் நாட்டுக்கு எதிராக டெல்லாஸ். எதால்? கார்னரிலிருந்து வந்த பந்தை, தலையால்! இறுதிப் போட்டி. போர்ச்சுகலுக்கு எதிராக மறுபடியும் கரிஸ்தேயஸ். கார்னர்! தலை!"

"அண்ணாச்சி! அவ கோச்சிங் குடுக்கா!" என்று ஹரி கத்தினான்.

அண்ணாச்சி நன்றாக யோசித்தார்.

"சரித்திரம்லா சொல்லுதா. சரித்திரம் சொன்னா எங்கல பவுலு?"

பின்னால் நின்ற பேபி மெல்ல நெற்றியைத் தடவிப் பார்த்தாள். வாசல் நிலை இத்தனை வருடமாக இடித்து இடித்துப் பழக்கிய நெற்றி. நடுக்கோட்டைப் பார்த்தாள். தாண்டினாள். நீளமான காலால் நான்கே எட்டில் கோல் முன்னால் போய் நின்றாள்.

"தூக்கி அடில கிட்டு!"

கிட்டு தூக்கி அடித்தான். பந்து வெடிப்புகளுக்கெல்லாம் மேலே, ஏழாம் நம்பர்களுக்கெல்லாம் மேலே பறந்து வந்தது. அந்த உயரத்தில் அங்கே ஒரே ஒரு தலைதான் இருந்தது.

டொக்!

பந்து உள்ளே.

வள்ளிமயில் வாயைத் திறந்தாள். ஒரு சொல்லும் வரவில்லை. குழாய் ஸ்பீக்கர் வழியாகக் கோவில்பட்டி கேட்டதெல்லாம் "ஆ" என்ற நீளமான ஒரு சத்தம்தான். அண்ணாச்சி கடைசி விசில் ஊதினார். இந்தத் தடவை எதற்கு ஊதினார் என்று எல்லாருக்கும் தெரிந்தது.

தீப்பெட்டி ஆபீஸ் தெருவே மைதானத்துக்குள் ஓடி வந்தது. பேபியைத் தூக்கப் பார்த்தார்கள். முடியவில்லை. அவள்தான் கிட்டுவைத் தூக்கிக்கொண்டு சுற்றினாள்.

வள்ளிமயிலுக்கு ஒருவழியாகப் பேச்சு வந்தது. "தீப்பெட்டி ஆபீஸ் தெருக் கிரீஸ் அணியின் வரலாற்றில் முதல் கோல்! போட்டவர் பேபி! ஹரி, வேணும்னா போன்ல பாத்துக்கோல!"

ஹரி போனைப் பையில் போட்டான். "வேண்டாம். கண்ணாலயே பாத்துட்டேன்" என்றான். பிறகு, ஜெயிக்கிற அணிக்குப் பரிசாக அவன் அப்பா கொடுத்திருந்த கடலைமிட்டாய்ப் பெட்டியைத் தூக்கி வந்து பேபியின் கையில் கொடுத்தான். மூடி கொஞ்சம் திறந்திருந்தது. இரண்டு துண்டு குறைந்திருந்ததைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

எல்லாரும் பேபியை வீடுவரை ஊர்வலமாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். மணிராஜின் ஆட்டோ முன்னால் போனது. வாசலுக்கு வந்ததும், வழக்கமான "டொக்" சத்தத்துக்காக எல்லாரும் காத்திருந்தார்கள்.

சத்தம் வரவில்லை. பேபி முதல் தடவையாகக் குனிந்து உள்ளே போனாள்.

"என்னட்டி, இன்னைக்கு மட்டும் குனியுத?" என்று வள்ளிமயில் மைக்கிலேயே கேட்டாள்.

பேபி நெற்றியைத் தடவிக்கொண்டு சொன்னாள்:

"கோல் போட்ட தலைல்லா. பத்திரமா வச்சிக்கிடணும்."