கைச்சூடு

பாலசுந்தரம் காரை மெக்கானிக் ஷெட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தபோது பெரம்பலூரில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. டயரில் சிறுவாச்சூர்க் கோயில் பூஜையின் எலுமிச்சைச் சாறு காய்ந்து ஒட்டியிருந்தது. பழைய வண்டி, வாங்கி அதிக நாள் ஆகவில்லை. அரியலூர் போகிற வழியில், சுண்ணாம்புக்கல் வெட்டிவிட்டுக் கைவிட்ட சுரங்கத்தில் தண்ணீர் நிற்கிறதே, அந்த வளைவில் மட்டும் இன்ஜின் ஆஃப் ஆகிவிடுகிறதாம். வேறெங்கும் மக்கர் இல்லையாம்.

கலைச்செல்வன் இதற்கெல்லாம் அசருகிற மெக்கானிக் இல்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் சொருகினான். டீசலின் சூடு பதினெட்டு டிகிரி என்று காட்டியது. இந்தச் சித்திரையில் ஊட்டியில்கூடப் பகலில் பதினெட்டு இருக்காது. டீசல் சூட்டை அளக்கிற சென்சார் போய்விட்டது என்று சிரித்துக்கொண்டே அதைக் கழற்றினான்.

சென்சாரைச் சோதிக்க அவன் ஒரு வழி வைத்திருந்தான். ஒயரோடு உள்ளங்கையில் வைத்து மூடிக்கொள்வான். கைச்சூட்டுக்கு ஸ்கேனரில் எண் ஒவ்வொன்றாக ஏறினால் சென்சார் நல்லது. ஏறாவிட்டால் குப்பைக்குப் போகும்.

இது ஏறவில்லை. அவன் கைதான் குளிர்ந்தது. விரல்கள் மரத்துப்போய் உதறித் திறந்தபோது உள்ளங்கையில் ஈரம் இருந்தது. அதில் டீசல் வாடை இல்லை.

பாசி வாடை.

வியர்வைதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனாலும் அவனுக்கு அது பிடிக்கவில்லை.

புது சென்சார் திருச்சியிலிருந்து மறுநாள்தான் வரும். ஷெட்டில் நின்ற அவனுடைய காரும் அதே மாடல். எல்லா மெக்கானிக்கும் செய்கிற காரியத்தையே அவனும் செய்தான். தன் வண்டியின் சென்சாரைக் கழற்றிப் பாலசுந்தரத்தின் வண்டியில் போட்டான். எண் சட்டென்று ஐம்பதுக்குப் போனது. கோளாறு பிடிபட்டுவிட்டது. தன் வண்டியில் ஓட்டையை அப்படியே விட்டால் டீசல் ஒழுகும் என்று, அந்தக் கெட்ட சென்சாரையே அதில் முறுக்கி ஒயரையும் மாட்டினான். நம் வண்டிதானே, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

பின்பக்கம் போய்க் கை கழுவிக்கொண்டிருந்தபோது பாலசுந்தரம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, கழட்டுனத எங்க போட்டீங்க?"

"ஏண்ணே?"

"தூர வீசிடுங்க. இந்த வண்டி அந்தத் தண்ணிக்குள்ள கெடந்துச்சி. ஒரு பொம்பளயும் பாப்பாவும் போயிட்டாங்க. பாப்பா கெடச்சிது. அந்தம்மா கெடைக்கவே இல்ல."

விலை குறைவாக வந்ததால் வாங்கிவிட்டேன் என்று இழுத்தார். கலைச்செல்வனுக்கு அவரை அறைய வேண்டும் போலிருந்தது. அதற்குள் வேறொன்று நினைவுக்கு வர, ஷெட்டுக்கு ஓடினான்.

கார் இல்லை.

மகளைக் கூட்டிக்கொண்டு அரியலூரில் அம்மா வீட்டுக்குப் போவதாக அவன் மனைவி கவியா காலையிலேயே சொல்லியிருந்தாள். வேலை மும்முரத்தில் அவனுக்கு அது மறந்தேபோயிருந்தது. கம்ப்ரசர் சத்தத்தில் வண்டி கிளம்பியதும் காதில் விழவில்லை. போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவள் எடுக்கவில்லை.

ஸ்கேனரைப் பிடுங்கிக் கையில் வைத்தபடியே பாலசுந்தரத்தின் காரில் ஏறினான். சிமெண்ட் லாரிகள் வழிவிடவில்லை. தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டே போனான்.

வளைவில் அவனுடைய கார் ரோட்டை விட்டுச் சரிவில் இறங்கி, தண்ணீர் ஓரத்தில் ஒரு கல்லில் முட்டி நின்றது. கவியா மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மேலே நின்றாள். அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதான்.

"தானா ஆஃப் ஆயிடுச்சிங்க. பிரேக்க அமுக்கிக்கிட்டுதான் இருந்தேன். கீழேருந்து யாரோ இழுக்குற மாரி எறங்குச்சி," என்றாள்.

மகள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கலைச்செல்வன் பானெட்டைத் திறந்து சென்சாரைக் கழற்றினான். பனிக்கட்டியாய் இருந்தது. பலம் கொண்ட மட்டும் சுரங்கத்து நடுத்தண்ணீரில் வீசினான். பச்சைத் தண்ணீர் அதைச் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டது. ஓட்டையை ஒரு போல்ட் வைத்து அடைத்ததும்தான் அவனுக்கு மூச்சு வந்தது.

கிளம்புமுன், வேறு ஏதாவது கெட்டிருக்கிறதா என்று ஸ்கேனரைச் சொருகினான். சென்சாரே இல்லாத வண்டி மைனஸ் நாற்பது என்று காட்ட வேண்டும். எப்போதும் அப்படித்தான் காட்டும்.

பதினெட்டு.

எட்டி ஒயரைப் பார்த்தான். அது வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது.

"போயிடலாங்க," என்று கவியா கிசுகிசுத்தாள்.

பத்தொன்பது.

இருபது.

எண் அவசரமில்லாமல் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தது. உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டால் அப்படித்தான் ஏறும்.