இலைக்குப் பின்னால் ஒரு வாத்து

ருஷ்தாவிடம் இருந்தது ஒரே ஒரு தாள். சீன ஓவியத் தாள் அது. மை பட்டதும் மடக்கென்று குடித்துவிடும், அழிக்கவே முடியாது. பேராதனையில் சனிக்கிழமை வகுப்பு எடுக்கும் லின் டீச்சர் கொடுத்தது.

நாளைக்கு உம்மாவின் தங்கை, சாச்சிக்கு நிக்காஹ். சாச்சிக்குக் கொடுக்கத்தான் இந்தப் படம். சீனாவில் கல்யாணப் படம் என்றால் வாத்துச் சோடி வரைவார்களாம். பிரியாமல் வாழ வேண்டும் என்று அதற்கு அர்த்தம். ஒற்றை வாத்து வரைந்தால் தனிமை என்றாகிவிடும்.

தாமரைப் பூவும் முதல் வாத்தும் அச்சாக வந்துவிட்டன. ருஷ்தா தூரிகையைக் கழுவக் குசினிக்குப் போனாள். திரும்பி வந்தால், இரண்டாவது வாத்துக்கு விட்ட இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு மை! பக்கத்தில் நாலு வயதுத் தம்பி ஷிராஸ். அவன் மூக்கிலும் மை.

"என்னடா செஞ்சீக்கிறாய்?"

"ராத்தாக்கு... உதவி செஞ்ச."

"போச்சு! இனி ஒத்த வாத்துதான். சாச்சிக்கு என்னத்தக் குடுக்கிற?"

ருஷ்தாவுக்கு அழுகை வந்தது. அதற்குள் ஷிராஸ் முந்திக்கொண்டான். அவன் போட்ட சத்தம் கெலிஓயா கடைவீதி வரை கேட்டிருக்கும். தேம்பித் தேம்பி அழுத அந்தக் கறுப்பு மூக்கைப் பார்த்ததும் அவள் மனம் இளகிவிட்டது.

"சரி, அழாத. இங்க வா."

அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டே படத்தைப் பார்த்தாள். ஈர மை மெல்லப் பரவிக்கொண்டிருந்தது. லின் டீச்சரும் கோடே போடாமல், இப்படி மையைப் பரவவிட்டுத்தானே தாமரை இலை வரைவார்!

ஒரு காம்பு இழுத்தாள். கறை இலையாகிவிட்டது.

ஆனால் வாத்து? இலையின் ஓரத்தில் கொஞ்சம்தான் இடம் இருந்தது. முழு வாத்துக்குப் போதாது, தலைக்குப் போதும். மை காய்ந்ததும், இலைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும் தலை ஒன்றை வரைந்தாள்.

"இனிக் கண்ணு மட்டும்தான். நீ வை."

"நானா?"

அவன் கையைத் தன் கைக்குள் பிடித்துக்கொண்டாள். இருவரும் மூச்சை அடக்கினார்கள். ஒரு புள்ளி. வாத்து பார்த்தது!

மறுநாள், மருதாணிக் கையால் படத்தை வாங்கிய சாச்சியின் கண் கலங்கிவிட்டது.

"இதுல நான் எது?"

"வெக்கப்பட்டு ஒளிஞ்சீக்கிறதுதான் நீங்க," என்றான் ஷிராஸ். "அந்த இலை நான் கீறின!"

ருஷ்தா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அவன் சொன்னது பொய்யும் இல்லையே.