குறை பார்க்கும் கண்

ஒரு வியப்பின் விலை பதினோரு யூரோ. குழந்தைகளுக்கும் அதேதான், சொல்லப்போனால் அவர்களை நம்பித்தான் அந்தத் திட்டமே.

ஸ்பெயினின் வலென்சியா நகரில் இப்போது நுழைவுச்சீட்டு கிடையாது. விமான நிலையத்திலேயே மணிக்கட்டில் வியப்புமானியைக் கட்டிவிடுவார்கள். மெல்லிய கயிறு மாதிரி இருக்கும், சத்தம் போடாது. மூச்சு ஒரு கணம் நின்று நாடி துள்ளினால் ஒன்று எழுதிக்கொள்ளும். எங்கே வேண்டுமானாலும் சுற்றலாம், மாலையில் கணக்குத் தீர்த்தால் போதும். பிடிக்காத சரக்குக்குக் காசு வேண்டாம் என்று ஒருவன் சொன்னால், பிடித்த சரக்கில் இரண்டு மடங்கு வைத்திருக்கிறான் என்று பொருள். காயல்பட்டினத்து மக்தூமுக்கு விளம்பரத்தைப் படித்தபோதே அது விளங்கிவிட்டது.

மக்தூம் கல் வியாபாரி. நல்ல மாணிக்கம் கைக்கு வரும்போது முகம் மட்டுமல்ல, நெஞ்சும் துள்ளக் கூடாது. எதிரே இருப்பவன் கழுத்து நரம்பைப் பார்த்தே விலையை ஏற்றிவிடுவான். அதற்கு ஒரே வழி, கல்லைப் பார்த்ததும் குறையைத் தேடுவது. குறை தேடுகிற நெஞ்சு துள்ளாது. புறப்படும் முன் ஒரு மாதம், மனைவி ஜுலைஹாவுக்கும் ஒன்பது வயது மகள் ரிஃப்காவுக்கும் சாப்பாட்டு வேளையில் கற்களைக் காட்டிக் காட்டி இதைத்தான் பழக்கினார்.

காலையில் கடல்காட்சிச் சாலை. கண்ணாடிக்கு அப்பால் ஒரு வெள்ளைத் திமிங்கிலம் மெல்ல வந்து, ரிஃப்காவின் முகத்துக்கு நேரே நின்று, தலையைச் சாய்த்தது. பக்கத்தில் ஒரு ஜெர்மன் குடும்பம் வாயைப் பிளந்து செலவழித்துக்கொண்டிருந்தது.

"வால்ல ஒரு வெட்டு இருக்கு வாப்பா," என்றாள் ரிஃப்கா.

மக்தூம் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார்.

நடுப்பகலில் பழைய பட்டுச் சந்தை மண்டபம். அந்தக் காலத்து வியாபாரிகள் கட்டியது. முறுக்கிய கயிறுபோல் கல்தூண்கள் மேலே போய்ப் பனையோலையாக விரிந்தன. வெயிலில் நடந்து வந்த கால்கள் கெஞ்சின. மூவரும் சுவரோரம் உட்கார்ந்து தூணில் விரிசல் தேடினார்கள்.

"குறை பாக்க இம்புட்டு தூரம் வரணுமா?" என்றாள் ஜுலைஹா. "உங்க உம்மா என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப இப்படித்தான் பாத்தாங்க."

"பாத்து, பேசி, நல்லபடியாத்தானே முடிச்சோம். நஷ்டமா என்ன?"

"யாருக்கு?"

மக்தூம் தண்ணீர்ப் போத்தலைத் திறந்தார்.

சாயங்காலம் ஊருக்கு வெளியே ஏரியில் படகு. நாணல்களுக்கு அப்பால் சூரியன் இறங்கியபோது படகோட்டி எந்திரத்தை நிறுத்தினான். பேச்சும் நின்றது. நாள் முழுக்கக் குறை பார்த்ததில் மக்தூமுக்குக் கண் எரிந்தது. தண்ணீர் செம்பாகத் தகதகத்தது தெரிந்தது. உள்ளே எதுவும் அசையவில்லை. மகளைப் பார்த்தார். கடையில் கல்லைப் பிடித்தபடி அவர் உட்கார்ந்திருப்பாரே, அதே முகம்.

"ரிஃப்கா, இதை மட்டும் சும்மா பாரும்மா. காசைப் பத்தி நெனைக்காத."

"சும்மான்னா எப்படி வாப்பா?"

"சும்மாத்தான். கண்ணு போற போக்குல."

வாப்பா சொல்லிவிட்டாரே என்று அவள் நெற்றியைச் சுருக்கிப் பார்த்தாள்.

"சூரியன் கீழ்ப்பக்கம் நசுங்கியிருக்கு," என்றாள்.

படகுத்துறையில் கட்டணச் சாளரம். உள்ளே இனெஸ் என்ற பெண் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் பேசியதை மொழிமாற்றிக் கருவி, செய்தி வாசிக்கும் தமிழில் சொன்னது.

"திருமதி ஜுலைஹா, ஆறு."

மக்தூம் திரும்பினார். "ஆறா? எங்க?"

"உங்களுக்கு எதுக்கு? என் காசு, நான் கட்டிக்கிறேன்."

"திருவாளர் மக்தூம், இல்லை. செல்வி ரிஃப்கா, இல்லை."

"கொழந்தைக்கு இல்லைன்னா என்ன அர்த்தம்? கருவி கோளாறா இருக்கும். மறுபடி பாருங்க."

இனெஸ் சிறுமியின் கையைப் பிடித்து ஒளியில் காட்டிப் பார்த்தாள். "நன்றாக வேலை செய்கிறது. இந்த வயதில் இல்லை என்று வந்து நான் பார்த்ததில்லை."

"ஒண்ணு போடுங்க. அந்தத் திமிங்கிலத்துக்கு."

"வராததை எழுத முடியாது, ஐயா."

"ரெட்டிப்பாத் தர்றேன். இருபத்திரண்டு." அவள் தலையாட்டி மறுத்தாள். "முப்பது. நாப்பதுன்னு வெச்சுக்கங்க." அவர் குரல் தழைந்துவிட்டது. வரிசையில் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

ரிஃப்கா சாளரத்துக்குக் கீழே அவர் விரலைப் பிடித்து அழுத்தினாள். எக்கி நின்று காதோடு சொன்னாள்:

"வாப்பா, வேணும்னு காட்டிக்காதீங்க. ஏத்திடுவாங்க."

மக்தூமுக்கு மூச்சு நின்றது.

இனெஸ் திரையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். ரசீதை அடித்து நீட்டினாள்.

ஜுலைஹா, ஆறு: அறுபத்தாறு யூரோ. மக்தூம், ஒன்று, இடம் கட்டணச் சாளரம்: பதினோரு யூரோ. ரிஃப்கா: இல்லை. மொத்தம் எழுபத்தேழு. பெற்றுக்கொண்டது எழுபத்தேழு. பாக்கி இல்லை.